மெனோபாஸ்: எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதுகளில் இருக்கும் பெண்களின் கேள்விகள் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: "எனக்கு ஆரம்பித்துவிட்டதா, இல்லையா?" வயதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் பல நேரம் கைகொடுக்காது. மாதவிடாய் வந்த தேதிகளை எழுதி வைத்திருந்தால் அதிலேயே பாதிப் பதில் இருக்கும்.

மெனோபாஸ் என்பது ஒரு நாளா, சில வருடங்களா?

மருத்துவக் கணக்குப்படி அது ஒரே ஒரு நாள், கடைசி மாதவிடாய் வந்த நாள். ஆனால் அதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் "சரி, அன்றோடு நின்றுவிட்டது" என்று சொல்ல முடியும். அதற்கு முந்தைய தடுமாற்றமான வருடங்களுக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். பிந்தைய காலம் முழுவதும் போஸ்ட்மெனோபாஸ்.

பேச்சில் மூன்றையும் சேர்த்து மெனோபாஸ் என்றே சொல்லிவிடுகிறோம். இதனால் வரும் குழப்பம் சின்னதில்லை. "எனக்கு மெனோபாஸ்" என்று சொல்லும் 46 வயதுப் பெண் பெரிமெனோபாஸில் இருக்கலாம். அப்படியென்றால் அவர் இன்னும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது.

பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடும். அதற்கு முந்தைய தடுமாற்றம் சராசரியாக நான்கு வருடம். சிலருக்குச் சில மாதங்களிலேயே முடிந்துவிடும், சிலருக்கு எட்டு வருடம்கூட இழுக்கும்.

இது ஒரு நோயா?

இல்லை. சில திமிங்கில இனங்களுக்கும் மெனோபாஸ் உண்டு. ஓர்கா, பெலுகா, நார்வால் எல்லாம் இனப்பெருக்கம் நின்ற பிறகும் பல ஆண்டுகள் வாழ்கின்றன. உகாண்டாவில் உள்ள ஒரு சிம்பன்சிக் கூட்டத்திலும் இது உண்டு என்று 2023ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் நோய் இல்லை என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் இல்லை. பிரசவமும் நோய் இல்லைதான். அதற்காக வலியோடு ஒரு பெண்ணை யாரும் தனியே விட்டுவிடுவதில்லை.

உடம்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது ஒரு பெண்ணின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம்தான் மிஞ்சும். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். வாழ்நாள் முழுவதும் சேர்த்து முழுதாக முதிர்ந்து வெளியே வருபவை நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தாமாகவே அழிந்துபோகும். மாதவிடாய் நிற்கும் வேளையில் கையிருப்பு ஏறக்குறைய ஆயிரத்துக்கு வந்திருக்கும்.

முட்டைகள் குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையை இன்னும் வேகமாக வேலை வாங்கப் பார்க்கிறது. அதற்காக எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சில மாதங்களில் சினைப்பை அதற்கு மிதமிஞ்சி பதில் கொடுக்கும், சில மாதங்களில் எதுவுமே நடக்காது.

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆரம்ப வருடங்களில் அது இறங்குவதில்லை, தாறுமாறாக ஏறி இறங்குகிறது. சில மாதங்களில் இளம் வயதில் இருந்ததைவிட அதிகமாகவும் இருக்கும். மார்பு கனத்து வலிப்பது, ரத்தம் அதிகமாகப் போவது, தலைவலி, எரிச்சல் எல்லாம் அந்த ஏற்றத்தில் வருபவை. இன்னொரு பக்கம், முட்டை வெளிவராத மாதங்களில் ப்ரொஜெஸ்டிரோன் போதுமான அளவு சுரக்காது. கர்ப்பப்பையின் உள்சுவரை அடக்கி வைக்கும் ஹார்மோன் அது. அது இல்லாமல் சுவர் தடித்துக்கொண்டே போய், உதிரும்போது மொத்தமாக உதிர்கிறது.

எத்தனை கட்டங்கள்? எப்படிப் பிரிக்கிறார்கள்?

மருத்துவ உலகம் இன்று பயன்படுத்தும் பிரிவினைக்கு 'ஸ்ட்ரா' என்று பெயர். 2001ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய நிபுணர்கள் வகுத்தது. பத்து ஆண்டு கழித்து 2011ல் அதைத் திருத்தி 'ஸ்ட்ரா+10' ஆக்கினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், முதல் அளவுகோலாக அவர்கள் எடுத்துக்கொண்டது ஹார்மோன் அளவை அல்ல, மாதவிடாய்ச் சுழற்சியை. எந்த ஆய்வகமும் இல்லாமல் எந்தப் பெண்ணும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது அது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு பெண்ணின் குறிப்பில் இந்தத் தேதிகள் இருக்கின்றன: ஜனவரி 3, ஜனவரி 31, பிப்ரவரி 24, மார்ச் 28, ஏப்ரல் 20. இடைவெளியை எண்ணினால் 28 நாள், 24 நாள், 32 நாள், 23 நாள். மேலோட்டமாகப் பார்த்தால் "மாசா மாசம் ஒழுங்காகத்தானே வருகிறது" என்று தோன்றும். ஆனால் 24க்கும் 32க்கும் எட்டு நாள் வித்தியாசம், 32க்கும் 23க்கும் ஒன்பது நாள். அடுத்தடுத்த இரண்டு சுழற்சிகளுக்கு இடையே ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது சில மாதங்களுக்குள் திரும்பவும் நடந்தால் அதுதான் பெரிமெனோபாஸின் ஆரம்பக் கட்டம். இந்தப் பெண் அதில் கால் வைத்துவிட்டார். ஆனால் ஒரு மாதம்கூடத் தவறாததால் அவருக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

சில வருடம் கழித்து அதே குறிப்பில் மார்ச் 5க்குப் பிறகு அடுத்த தேதி மே 19 என்று இருக்கிறது. நடுவே 75 நாள். 60 நாளோ அதற்கு மேலோ வராமல் இருந்துவிட்டு வந்தால் அது பெரிமெனோபாஸின் பிந்தைய கட்டம். இது பொதுவாக ஒன்று முதல் மூன்று வருடம் நீடிக்கும். உடம்பு குப்பென்று சூடாவது, தூக்கம் கெடுவது எல்லாம் பலருக்கு இங்கேதான் வேகமெடுக்கும்.

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு வரும் முதல் ஐந்து முதல் எட்டு வருடங்கள் போஸ்ட்மெனோபாஸின் முற்பகுதி. இதில் முதல் இரண்டு வருடம் ஹார்மோன்கள் இன்னும் நிலைகொள்ளாமல் இருக்கும், பிறகுதான் அடங்கும். அதற்கப்புறம் பிற்பகுதி, வாழ்நாள் முழுவதும்.

கருத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இவற்றில் எது இருந்தாலும் தேதிகளை வைத்துக் கட்டத்தைக் கணிப்பது கடினம். அவர்கள் அறிகுறிகளையும் வயதையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரோடு பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஹார்மோன் டெஸ்ட் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடாதா?

45 வயதைத் தாண்டி, சுழற்சி மாறி, அறிகுறிகளும் இருந்தால் டெஸ்ட் தேவையே இல்லை. எஃப்.எஸ்.எச். அளவு பெரிமெனோபாஸில் வாரத்துக்கு வாரம் மாறும். இன்று அதிகமாகக் காட்டியது அடுத்த மாதம் இயல்பாக இருக்கலாம். "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடப்படும் பெண்கள் பலர். அவர்கள் சொல்லும் அவதி உண்மை, அன்று எடுத்த எண் அந்த ஒரு நாளுக்கான எண், அவ்வளவுதான்.

பயனுள்ள டெஸ்ட்கள் வேறு. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே மாதிரிக் களைப்பு, படபடப்பு, முடி உதிர்தல் எல்லாவற்றையும் கொண்டுவரும். அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. 45 வயதுக்குக் கீழே இருந்தால் ஹார்மோன் டெஸ்ட்டுக்கும் அர்த்தம் உண்டு.

ரத்தப்போக்கு அதிகமாகிவிட்டது. "இந்த வயசில் அப்படித்தான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடக்கூடாது. மேலே சொன்ன ப்ரொஜெஸ்டிரோன் குறைவு ஒரு காரணம் என்பது சரிதான். ஆனால் ஃபைப்ராய்டு கட்டி, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, கர்ப்பப்பைச் சுவர் அளவுக்கு மீறித் தடிப்பது, அரிதாகப் புற்றுநோய், இவையும் இதே வயதில்தான் தலைகாட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவே படுவது, உறவுக்குப் பின் ரத்தம் வருவது, இதில் எது இருந்தாலும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

மாதக்கணக்கில் இப்படிப் போனால் இரும்புச்சத்து கரைந்துவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின் தலையில் போட்டுவிட்டு இருப்பார்கள், ஹீமோகுளோபின் எட்டில் இருக்கும். உடனே கர்ப்பப்பையை எடுத்துவிடத்தான் வேண்டும் என்றும் இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பும் பலருக்கு அறுவை சிகிச்சையின் தேவையையே இல்லாமல் செய்துவிடுகின்றன. அறுவை சிகிச்சை என்று சொன்னால், "இதற்கு முன் வேறு என்ன செய்து பார்க்கலாம்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

ஹாட் ஃப்ளாஷ் என்றால் என்ன? எத்தனை நாள் இருக்கும்?

மார்பிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்கு ஒரு சூடு குப்பென்று ஏறும். முகம் சிவக்கும், இதயம் படபடக்கும், பின்கழுத்திலும் மேல் உதட்டிலும் வியர்வை முத்துமுத்தாக அரும்பும். ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும், உடனே குளிரும். இரவில் வந்தால் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்து, நனைந்த உடையை மாற்றி, மறுபடி போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும். இது ஒரே இரவில் நான்கைந்து முறை நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பகலில் அவர்கள் சிடுசிடுவென்று இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காரணம் மூளையில் இருக்கிறது. உடலின் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் சில நரம்பணுக்கள் ஈஸ்ட்ரோஜனின் கட்டுப்பாட்டில் இருப்பவை. அது குறையும்போது அவை அடங்காமல் தூண்டப்படுகின்றன. உடல் வெப்பம் இம்மி கூடினாலும் "கொதிக்கிறது" என்று மூளை தப்பாகப் புரிந்துகொண்டு, வியர்க்கச் செய்து குளிர்விக்கப் பார்க்கிறது.

ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும் என்று முன்பு சொல்வார்கள். அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வு 2015ல் வெளியிட்ட கணக்கு வேறு: அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடமோ அதற்கு மேலோ நீடித்தது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே ஆரம்பித்தவர்களுக்கு அதிக காலமும், நின்ற பிறகு ஆரம்பித்தவர்களுக்குக் குறைந்த காலமும் நீடித்தது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டால் அது ஏழு வருடம் ஆகிவிடலாம் என்பதற்காக.

மறதி, அழுகை, காரணமில்லாத பயம். இதுவும் மெனோபாஸா?

இருக்கலாம். சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடுவது, எதற்கு இந்த அறைக்கு வந்தோம் என்று மறந்துபோவது, இவை பெரிமெனோபாஸில் சகஜம். டிமென்ஷியாவின் ஆரம்பமோ என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இல்லை, பலருக்கு ஹார்மோன் நிலைப்பட்டதும் சரியாகிவிடுகிறது.

மனச்சோர்வை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்களுக்கும், பிரசவத்துக்குப் பின் அல்லது மாதவிடாய்க்கு முன் மனநிலை மாறியவர்களுக்கும் இந்தக் காலத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தால் உதவி கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

மூன்று மாதமாக வரவில்லை. இனி கருத்தடை வேண்டாம்தானே?

வேண்டும். 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடம், 50க்குக் கீழ் என்றால் இரண்டு வருடம் கருத்தடை தேவை. மூன்று மாதம் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். மெனோபாஸ் அறிகுறிகளுக்காக எடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை கருத்தடைக்கு மாற்று அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கு மெனோபாஸ் ஆகிவிட்டதா?

சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. கர்ப்பப்பை மட்டும் போயிருந்தால் ரத்தம் வராது, ஆனால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். அதனால் மெனோபாஸ் பிறகுதான் வரும், சிலருக்குச் சற்று முன்கூட்டியே. இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் இடைக்கட்டமே இல்லை, அறுவை சிகிச்சை நடந்த நாளே மெனோபாஸ். அது படிகளில் இறங்காமல் மாடியிலிருந்து குதிப்பது போல, அறிகுறிகளும் அந்த வேகத்தில் தாக்கும். எதை எடுத்தார்கள் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும்.

எனக்கு 38 வயதுதான். ஐந்து மாதமாக வரவில்லை.

தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 40 வயதுக்கு முன் சினைப்பை செயலிழப்பது தனி நிலை, சாதாரண மெனோபாஸ் சீக்கிரம் வந்தது என்று விட்டுவிடக்கூடியது அல்ல. 40க்கும் 45க்கும் நடுவே நின்றால் அதை முன்கூட்டிய மெனோபாஸ் என்கிறார்கள். இரண்டிலும் எலும்பும் இதயமும் பல வருட ஈஸ்ட்ரோஜனை இழக்கின்றன. அதனால் தடை எதுவும் இல்லையென்றால் இயல்பான மெனோபாஸ் வயது வரையாவது ஹார்மோன் சிகிச்சை எடுப்பது பொதுவான பரிந்துரை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ சீக்கிரம் நின்றிருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடும். புகைப்பிடிப்பது ஒன்றிரண்டு வருடம் முன்னே தள்ளும். கீமோதெரபியும் கதிர்வீச்சும் காரணமாகலாம்.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்தப் பயம் 2002ல் தொடங்கியது. அமெரிக்காவில் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் ப்ரொஜெஸ்டினும் (செயற்கை ப்ரொஜெஸ்டிரோன்) சேர்த்து எடுத்த பிரிவை, மார்பகப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்ததால் அந்த ஆண்டு பாதியில் நிறுத்தினார்கள். செய்தி உலகம் முழுக்கப் பரவியது, லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். செய்தியில் அமுங்கிப்போனவை இரண்டு. ஒன்று, கூடுதலாக வந்த மார்பகப் புற்றுநோய், வருடத்துக்கு 10,000 பெண்களில் சுமார் 8 பேருக்கு. இரண்டு, பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. ஹாட் ஃப்ளாஷால் தவிக்கும் 50 வயதுப் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவும் இல்லை.

இன்றைய நிலைப்பாடு இது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கினால், தடை ஏதும் இல்லாத பெண்களுக்கு நன்மையே அதிகம். ஹாட் ஃப்ளாஷுக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு ப்ரொஜெஸ்டிரோனும் கட்டாயம், இல்லாவிட்டால் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரலாம். தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் இரண்டிலும் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக எடுக்கக் கூடாது.

ஹார்மோன் இல்லாமல் வேறு வழி?

உண்டு. குறைந்த அளவு மனச்சோர்வு மாத்திரைகள் சில, கபாபென்டின் ஆகியவை ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் எடுப்பவர்கள் மட்டும் அந்த மனச்சோர்வு மாத்திரைகளில் ஒன்றான பராக்செட்டினைத் தவிர்க்க வேண்டும், அது தமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். மூளையின் அந்த நரம்பணுக்களையே அடக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு 2023ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதை எடுத்தால் கல்லீரல் பரிசோதனை அவசியம். சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. உடற்பயிற்சி தூக்கத்துக்கும் எலும்புக்கும் மனதுக்கும் நல்லது, ஹாட் ஃப்ளாஷை நிறுத்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இயற்கை மருந்து என்று விற்கப்படும் பொடிகளுக்கும் கேப்சூல்களுக்கும் ஆதாரம் மிகவும் மெலிது.

எல்லாம் நின்று நான்கு வருடமாகிறது. இனி நிம்மதிதானே?

மாதாமாதம் வந்த தொல்லை போனது நிம்மதிதான். ஆனால் இந்தக் கட்டத்துக்கென்று சில வேலைகள் இருக்கின்றன.

பிறப்புறுப்பு வறட்சி முதலில். ஹாட் ஃப்ளாஷ் தானாகப் போய்விடுவது போல இது போவதில்லை, வருடம் போகப் போகக் கூடும். எரிச்சல், அரிப்பு, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் இதன் பகுதி. வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாகப் பலன் தரும். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும்.

எலும்புத் தேய்மானம் கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருடம் முன்பே வேகமெடுக்கிறது, நின்று இரண்டு வருடம் வரை அந்த வேகத்திலேயே போகிறது. வலியே இருக்காது, தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. 65 வயதில் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், சீக்கிரம் நின்றவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அதற்கு முன்பே. எடை தூக்கிச் செய்யும் பயிற்சி, போதிய கால்சியம், வைட்டமின் டி தேவை.

கெட்ட கொழுப்பு மாதவிடாய் நிற்கும் அந்த ஒரு வருடத்தை ஒட்டித் திடீரென்று ஏறுகிறது. அதுவரை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எதுவும் பார்த்திராதவர்கள் இப்போது பார்க்க வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் நின்றிருந்தது, திடீரென்று லேசாக ரத்தம் பட்டது. திரும்ப ஆரம்பித்துவிட்டதா?

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. 12 மாதம் கழித்து வரும் ரத்தம் ஒரு துளியாக இருந்தாலும், ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், பழுப்புக் கறையாக இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். இப்படி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வறட்சி, பாலிப் போன்ற சாதாரணக் காரணம்தான் இருக்கும். மீதிப் பேருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியே இந்த ரத்தம்தான் என்பதால், சீக்கிரம் போனால் ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்துக் குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்கேனில் உள்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். நின்றுவிட்டதே என்று சும்மா இருக்காமல் அந்த வாரத்துக்குள்ளேயே போங்கள்.